கிணற்றுப் படியில் கயிறு கட்டி நீந்திய நாலு மாதம்

கோவாவில் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த பந்தயத்தை முடித்துத் திரும்பி மூன்றாம் நாள் ராத்திரி கைக்கடிகாரத்தின் பதிவைத் திறந்து பார்த்தேன். நீந்த வேண்டியது 1.9 கிலோமீட்டர், கடிகாரம் காட்டியது 2.24. கை தண்ணீருக்குள் போய்ப் போய் வருவதால் கடிகாரம் கொஞ்சம் கூடக் குறையத்தான் காட்டும், அதோடு விட்டிருப்பேன். ஆனால் வரைபடத்தில் நான் போன கோடு இடதுபக்கம் விலகி, திரும்பி, மறுபடியும் இடதுபக்கமே விலகி, ஏர் பிடிக்கத் தெரியாதவன் ஓட்டிய சால் மாதிரி கிடந்தது. மிராமர் கடற்கரையில் கரையேறினதும் பக்கத்தில் நின்றவரிடம் "இன்னைக்கு நீரோட்டம் சரியில்லைங்க" என்று சொன்னது ஞாபகம் வந்து கூச்சமாகிவிட்டது. நீரோட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானே. எனக்கு ஆன நேரம் 1 மணி 2 நிமிடம். 70 நிமிடத்துக்குள் தண்ணீரை விட்டு வெளியே வராதவர்களை அங்கேயே நிறுத்திவிடுவார்கள். எட்டு நிமிடத்தில் தப்பியிருக்கிறேன்.

நான் பெருந்துறைக்காரன், வயது 41, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் சேர்த்துச் செய்ய ஆரம்பித்து நாலு வருஷம் ஆகிறது. எங்கள் மாதிரி ஆட்களுக்கு அக்டோபர், நவம்பரில் பெரிய பந்தயம் முடிந்தால் அடுத்த மார்ச் வரை கையில் எதுவும் இருக்காது. போன வருஷம் இந்த இடைவெளியில் ஒரு பயிற்சி அட்டவணையை இறக்கி வைத்துக்கொண்டு, வாரத்துக்கு 11 மணி நேரம், மூன்றிலும் வேகம் கூட்டப்போகிறேன் என்று இறங்கினேன். ஜனவரியில் இடது குதிகாலுக்கு மேலே இருக்கிற தடித்த தசைநாண் வீங்கி, பொங்கலுக்கு நொண்டிக்கொண்டுதான் கரும்பு வாங்கப் போனேன். அதனால் இந்த வருஷம் ஒரே முடிவு: பந்தயத்தில் எது கோணலாகப் போனதோ அதை மட்டும் நிமிர்த்துவது, மற்றதெல்லாம் துருப்பிடிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். கோணலாகப் போனது நீச்சல். கூடவே அந்தக் குதிகால்.

முதல் இரண்டு வாரம் எதுவும் செய்யவில்லை. தீபாவளிப் பலகாரம், அரிசியும் பருப்புஞ் சாதத்தில் தாராளமாக நெய், ஒரம்பரை வீட்டு விருந்து. எடை 74-லிருந்து 76 ஆனது. பத்து நாள் சும்மா இருந்தாலே ரத்தத்தின் நீர்ப்பங்கு குறைந்து மாடிப்படி ஏறினாலும் இதயம் படபடவென்று அடிக்கும், அதைப் பார்த்து "போச்சு, எல்லாம் போச்சு" என்று பதறி மூன்றாம் வாரமே முழு மூச்சாக ஓடப்போகிறவர்கள் நிறைய. பயிற்சியை ஆரம்பித்தால் அந்த நீர்ப்பங்கு சீக்கிரமே திரும்பி வந்துவிடும்.

சரி, கிணற்றுக் கதைக்கு வருகிறேன்.

பக்கத்து நீச்சல் குளம் என்றால் எனக்கு ஈரோடுதான், 20 கிலோமீட்டர். போய், நீந்தி, திரும்பி வர இரண்டரை மணி நேரம்; அதில் உருப்படியாக நீந்துவது முக்கால் மணி. மாமனார் தோட்டம் பெருந்துறைக்கும் சென்னிமலைக்கும் நடுவில் இருக்கிறது, வீட்டிலிருந்து ஆறு கிலோமீட்டர். அங்கே நாற்பதுக்கு நாற்பது அடியில் பாறை உடைத்து வெட்டிய கிணறு. கீழ்பவானி வாய்க்கால் பாசனப் பகுதி என்பதால் ஆகஸ்டில் வாய்க்காலில் தண்ணீர் விட்டால் கசிவு நீரிலேயே கிணறு ஏறிக்கொள்ளும், ஐப்பசி மழையும் சேர்ந்தால் நவம்பரில் மேட்டிலிருந்து பன்னிரண்டு அடியில் தண்ணீர் நிற்கும். என் மனைவியும் அவள் அண்ணனும் இதே கிணற்றில்தான் இடுப்பில் சுரைப்புருடை கட்டி நீச்சல் பழகினார்கள்.

நாற்பது அடி என்றால் 12 மீட்டர். ஒரு சுவரில் உதைத்தால் ஏழு கை போடுவதற்குள் அடுத்த சுவர் வந்துவிடும், பயிற்சிக்கு அது ஆகாது. வாய்க்காலிலேயே நீந்தலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஓடுகிற வாய்க்காலில் யாரும் அந்த வேலை செய்யாதீர்கள். இழுப்பு மேலே தெரியாது, மதகுக்குப் பக்கத்தில் சுழி இருக்கும், கரைச் சாய்வு பாசி பிடித்து வழுக்கும், நீச்சல் தெரிந்தவர்களையே எடுத்துப் போயிருக்கிறது. ஆக, கிணற்றில் ஒரே இடத்தில் நீந்துவதுதான் வழி. இடுப்பில் வார் கட்டி, அதிலிருந்து நீளுகிற ரப்பரைப் பின்னால் ஓர் இடத்தில் கட்டிவிட்டு முன்னால் நீந்த வேண்டும்.

முதல் முயற்சி பனியன் கம்பெனி ஆள் செய்யக்கூடியதுதான். சாம்பிள் அறையில் மீந்து கிடந்த நாலு சென்டிமீட்டர் எலாஸ்டிக் நாடாவில் ஆறு மீட்டர் எடுத்து, இரண்டாக மடித்து ஓவர்லாக் அடித்துக் கொண்டுபோனேன். உலர்ந்திருக்கும்போது அருமையாக இழுத்தது. தண்ணீரில் நனைந்து, இழுபட்டு, வெயிலில் காய்ந்து, மறுபடி நனைந்து, பத்தே நாளில் பழைய ஜட்டி நாடா மாதிரி தொங்கிப் போயிற்று. ஆர்டர் கொடுக்கிறவர்களிடம் நீட்டித் திரும்பும் தன்மை பற்றி வாய் கிழியப் பேசுகிற ஆளுக்கு இது தேவைதான்.

இரண்டாவது, சைக்கிள் டியூப். மலை சைக்கிளின் 26 இஞ்சு டியூப் இரண்டை வால்வு இருக்கும் இடத்தில் வெட்டி எறிந்தால் தலா இரண்டு மீட்டர் நீளத்துக்கு ரப்பர் கிடைக்கும். பஞ்சர் கடையில் பழையது சும்மாவே கொடுத்தார்கள். ஒரு டியூபை நேராகக் கல்லில் கட்டினேன், அதுதான் தப்பு. நாலாம் நாள் கல்லின் முனையில் உரசி உரசி அறுந்து, அறுந்த முனை வந்து கெண்டைக்காலில் விளாசியது. வரி வரியாக ஒரு வாரம் தடிப்பு. அதற்கப்புறம் கல்லுக்கும் ரப்பருக்கும் நடுவில் கயிறு வைத்தேன், ரப்பர் முழுக்க நீளும் அளவை விட ஓர் அடி கூடுதலாக இன்னொரு கயிற்றைப் பக்கத்திலேயே தொய்வாக விட்டேன். ரப்பர் அறுந்தாலும் அந்தக் கயிறு பிடித்துக்கொள்ளும், முனை ஆள்மேல் பாயாது. இதைச் செய்யாமல் யாரும் தண்ணீரில் இறங்க வேண்டாம். கயிறு மாட்டுக் கொட்டாயில் தொங்கியது, கேட்காமல்தான் எடுத்தேன்.

இடுப்பு வாருக்குத் தோள்பையின் நாடாவும் கொக்கியும் போதும். ஆனால் கயிறு முதுகுத்தண்டின் நடுவிலிருந்து நேராகப் பின்னால் போனால் கால் உதைக்கும்போதெல்லாம் கயிற்றில்தான் படும். வாரின் இரண்டு பக்கமும் வளையம் தைத்து, இரண்டு நாடாவாகப் பாதத்துக்குப் பின்னால் வரை கொண்டுபோய், அங்கே இரண்டடி நீளத்துக்கு முக்கால் இஞ்சு பிவிசி குழாயை ஏரின் நுகத்தடி மாதிரி குறுக்கே வைத்து, இரண்டு முனையிலும் மூடி ஒட்டிவிட்டேன். உள்ளே காற்று இருப்பதால் மிதக்கும், காலும் தாராளமாக ஆடும். குழாயின் நடுவிலிருந்துதான் ரப்பர் ஆரம்பம். மொத்தச் செலவு 140 ரூபாய், அதில் பாதி பிவிசி பசைக்கு.

எங்கே கட்டுவது என்பதில்தான் ஒரு வாரம் போனது. கட்டுகிற இடம் தண்ணீருக்கு மேலே இருந்தால் கயிறு இடுப்பைத் தூக்கிவிடும், கால் மிதக்கிற மாதிரி பொய்யாக ஒரு சுகம் இருக்கும், குளத்துக்குப் போனால் மறுபடி கால் தொங்கும். தண்ணீருக்குக் கீழே கட்டினால் இடுப்பை அமுக்கும். சரியாகத் தண்ணீர் மட்டத்தில் இருக்க வேண்டும், கிணற்றிலோ மோட்டார் ஓடினால் மட்டம் இறங்கும், ஓய்ந்தால் ஏறும். நான் ஒரு யோசனை செய்தேன்: மேலே பழைய உத்திரக் கல்லிலிருந்து கயிறு விட்டு, அடியில் உடைந்த ஆட்டுக்கல்லைக் கட்டி இறக்கி, கயிற்றில் வழுக்கும்படி ஒரு வளையம், வளையத்தோடு காலி எண்ணெய் கேன், தண்ணீர் ஏறினால் கேன் ஏறும், கேனோடு வளையமும் ஏறும். காகிதத்தில் படமெல்லாம் போட்டேன். மாமனார் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏனுங் மாப்ளே, அதான் படி இருக்குதுங்களே, தண்ணி எந்தப் படியில நிக்குதோ அந்தப் படியில மாட்டுங்க" என்றார்.

பாறைச் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கல் படிகள், மேலிருந்து சாய்வாகக் கீழே வரை, ஒன்றுக்கொன்று முக்கால் அடி இறக்கம். தண்ணீர் எங்கே நின்றாலும் அங்கே ஒரு படி இருக்கும். அந்தப் படத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

கல்லில் பாசி இருப்பதால் முதல் நாள் சுருக்கு நழுவியது. படியைச் சுற்றி நனைந்த சாக்கை இரண்டு சுற்றுச் சுற்றி அதன்மேல் சுருக்குப் போட்டதும் அசையவில்லை. எவ்வளவு இழுக்கிறேன் என்று பார்க்க ஒரு ஸ்பிரிங் தராசைக் கயிற்றில் கோத்தேன்: சும்மா நீந்தும்போது நாலு கிலோ, மூச்சு முட்ட நீந்தினால் ஏழு. இதைக் கேட்டு மாமனார் சிரித்த சிரிப்பு. "ஏழு கிலோ இழுக்கறதுக்கா இத்தனை பாடு? கவுறு கட்டீட்டு நீச்சலடிச்சா எங்க போய்ச் சேர்றதுங்?" பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு விஷயம், இதை அழுத்தியே சொல்ல வேண்டும். தோட்டத்து மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் வருகிற நேரம் ஒரே மாதிரி இருக்காது என்பதால் பெரும்பாலும் எல்லோரும் ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டிருப்பார்கள், கரண்டு வந்தால் மோட்டார் தானாக ஓடும். தண்ணீருக்குள் நீர்மூழ்கி மோட்டார், பழைய கேபிள், நடுவில் ஒட்டுப்போட்ட இடம், அதே தண்ணீரில் நாம். சுவிட்சை அணைத்தேன் என்பது போதாது. மூன்று ப்யூஸ் கட்டையையும் பிடுங்கி மாமனார் சட்டைப்பையில் கொடுத்துவிட்டுத்தான் இறங்குவேன், நான் மேலே வந்து கேட்டால்தான் அவர் திருப்பித் தருவார். மேலே ஆள் இல்லாமல் ஒரு நாளும் இறங்கியதில்லை. தண்ணீர்ப் பாம்பு இருந்தது, அதுபாட்டுக்கு இருந்தது. பொந்திலிருந்த புறாக்கள்தான் முதல் வாரம் முழுக்கக் கலவரம் செய்தன.

நவம்பர் நடுவில் ஈரோட்டுக் குளத்தில் அளவெடுத்தேன். 400 மீட்டர் 9:48, கொஞ்சம் இளைப்பாறிவிட்டு 200 மீட்டர் 4:40. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து இரண்டால் வகுத்தால் நூறு மீட்டருக்கு 2:34; வெகுநேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய வேகம் சுமாராக இதுதான் என்று எடுத்துக்கொள்வார்கள். இன்னொரு சோதனையும் செய்தேன், அது யாரும் செய்யலாம், காலியாக இருக்கும் பாதையில் கண்ணை மூடிக்கொண்டு நீந்தி எத்தனையாவது கையில், பாதையைப் பிரிக்கிற எந்தப் பக்கக் கயிற்றில் இடிக்கிறோம் என்று எண்ணுவது. நான் ஒன்பதாவது கையில் இடதுபக்கம் இடித்தேன். மறுபடி செய்தேன், எட்டாவது கை, இடதுபக்கம். கோவாவின் நீரோட்டம் ஈரோடு வரைக்கும் வந்திருக்கிறது.

காரணத்தைக் காட்டியது கிணறுதான். குளத்தில் நம்மை மேலேயிருந்து பார்க்க முடியாது, பக்கவாட்டில் ஒருவர் நின்று படம் எடுத்தால் முழங்கை தெரியும், கால் தெரியும், கோணல் தெரியாது. கிணற்றில் பன்னிரண்டு அடி மேலே மேடு. மச்சான் மகன் ஒன்பதாவது படிக்கிறான், தேங்காய் பறிக்கிற தொரட்டியின் நுனியில் பழைய போனைக் கட்டி கிணற்றின் நடுவுக்கு நேராக நீட்டிப் பிடித்தான். எடுத்த படத்தை அவன்தான் முதலில் பார்த்தான். "மாமா, சாரைப்பாம்பு போற மாதிரி போறீங்க" என்றான்.

அப்படித்தான் இருந்தது. நான் இடதுபக்கம் மட்டும் மூச்சு வாங்குகிறவன். தலை இடதுபக்கம் திரும்பும்போது முன்னால் நீண்டிருக்கிற வலது கை தன் வரிசையில் நிற்காமல் தலைக்கு முன்னால் குறுக்கே போய் இடது தோளுக்கு நேராக விழுகிறது. அங்கிருந்து தண்ணீரைப் பின்னால் தள்ளாமல் முதலில் வெளிப்பக்கமாகத் தள்ளுகிறது, தலை இடதுபக்கம் போகிறது, இடுப்பு வலதுபக்கம் வெட்டுகிறது, விழாமல் இருக்கக் கால் இரண்டும் கத்தரி மாதிரி அகலுகிறது. அகன்ற கால் தண்ணீரைப் பிடித்து நிறுத்துகிறது. நாலு வருஷமாகக் கால் உதைப்பு சரியில்லை என்று பலகையைப் பிடித்துக்கொண்டு உதைத்துப் பழகியதெல்லாம் நோயை விட்டுவிட்டு நிழலுக்கு வைத்தியம் பார்த்த கதை.

கயிற்றில் நீந்துவதன் லாபம் இங்கேதான். எதிர்மூலைப் பாறை இடுக்கில் ஓர் அரசங்கன்று முளைத்திருந்தது, அதைப் பார்த்துத்தான் நீந்த ஆரம்பிப்பேன். கை சரியாக விழுந்தால் தலை தூக்கும்போது அரசங்கன்று நேரே இருக்கும். வலது கை குறுக்கே போனால் பத்து கை போடுவதற்குள் இடதுபக்கம் ஊசலாடிப்போய் மோட்டார் பைப்புக்கு நேராக இருப்பேன். குளத்தில் 25 மீட்டர் முடிந்து சுவர் வந்துவிடும், கோணல் கணக்கில் சேராது. இங்கே அந்த நிமிஷமே தண்டனை.

சரிசெய்யச் சொல்லப்படும் வழக்கமான யோசனை, கைகளைக் கடிகாரத்தின் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் போடுவதாக நினைத்துக்கொள்ள வேண்டும் என்பது. எனக்கு ஏறவில்லை, தண்ணீருக்குள் மூச்சுக்குத் தவிக்கிறவன் எந்தக் கடிகாரத்தைப் பார்ப்பது. சால் என்று நினைத்ததும் பிடிபட்டது. தோளுக்கு ஒன்றாக இரண்டு சால், வலது கை வலது சாலில், இடது கை இடது சாலில், ஒன்று இன்னொன்றின் மேல் ஏறக்கூடாது. அகலமாகப் போடுகிறோமே, ரொம்ப அசிங்கமாக இருக்குமே என்று தோன்றுகிற அளவுக்குப் போட்டால் படத்தில் பார்க்கும்போது சரியாகத் தோளுக்கு நேராக இருக்கும். அவ்வளவு தூரம் உடம்பு நம்மை ஏமாற்றுகிறது.

வாரத்தில் மூன்று நாள், காலை ஆறரைக்கு. டிசம்பரில் மேலே குளிர், தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். முதல் பத்து நிமிடம் கயிறில்லாமல் கிணற்றைச் சுற்றிச் சுற்றி, அப்புறம் ஒரு கையை நீட்டி ஒருக்களித்து ஆறு உதை, கை மாற்றி ஆறு உதை. அப்புறம் விரலை மடக்கி முஷ்டியோடு நீச்சல். முஷ்டியில் தண்ணீர் பிடிக்காது, முன்கையைப் பயன்படுத்தக் கட்டாயப்படுத்தும். கடைசியில் கயிற்றோடு மூன்று நிமிடம் வீதம் ஆறு தடவை, நடுவில் முக்கால் நிமிடம் படியைப் பிடித்துக்கொண்டு ஓய்வு. மூன்று கைக்கு ஒரு மூச்சு என்று இரண்டு பக்கமும் வாங்கப் பழகினேன், முதல் மூன்று வாரம் வலதுபக்கம் மூச்சு வாங்கும்போதெல்லாம் பாதி தண்ணீர். வேகம் என்ற பேச்சே இல்லை.

இதில் குறையும் உண்டு. நாம் நகராததால் தண்ணீர் நம்மைத் தாண்டி ஓடாது, உடம்பின் பின்பாதி வழக்கத்தை விடக் கொஞ்சம் அமுங்கியே இருக்கும், கை பிடிக்கிற தண்ணீரும் கனமாகத் தெரியும். ஐந்தாம் வாரம் வலது தோளின் முன்பக்கம் வலி எடுத்தது. எலாஸ்டிக்கின் கோபத்தை டியூபில் காட்டி இரண்டையும் சேர்த்து முறுக்கிக் கட்டியிருந்தேன், இழுப்பு அதிகம். ஒரே டியூபுக்கு இறங்கி, வாரத்துக்கு இரண்டு நாள் கயிறு, ஒரு நாள் வெறும் நீச்சல் என்று குறைத்ததும் பத்து நாளில் போய்விட்டது. பதினைந்து நாளைக்கு ஒரு தடவை ஈரோட்டுக் குளத்தில் நிஜமான தூரமும் நீந்த வேண்டியிருந்தது. கயிறே போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

குதிகால் கதை சுருக்கம். ஸ்வீடன் நாட்டு எலும்பு மருத்துவர் ஹோகன் ஆல்ஃபிரெட்சன் 1998-ல் வெளியிட்ட முறை: படியின் விளிம்பில் முன்பாதத்தால் நின்று, நல்ல காலால் எழும்பி, வலிக்கிற காலால் மெதுவாகக் குதிகாலைப் படிக்குக் கீழே இறக்குவது. முட்டி நேராக 15 வீதம் மூன்று தடவை, முட்டியை மடக்கி 15 வீதம் மூன்று தடவை, காலை மாலை இரு வேளை, ஒரு நாள் விடாமல் பன்னிரண்டு வாரம். ஒரு நாளைக்கு 180. அவருக்கே அந்தத் தசைநாணில் வலி இருந்து, அறுவை செய்ய மேலதிகாரி மறுத்துவிட, சரி அறுந்தாவது போகட்டும் என்று முரட்டுத்தனமாகச் செய்ததில் குணமாகிவிட்டது என்று இந்த முறைக்கு ஒரு பிறப்புக் கதை சொல்வார்கள். நான் வீட்டுத் திண்ணைப் படியில் செய்தேன். ஆறாம் வாரத்திலிருந்து தோள்பையில் ஐந்து கிலோ அரிசி. எதிர் வீட்டுப் பாட்டி தினமும் பல் விளக்கிக்கொண்டே எண்ணுவார், நான் 13-ல் நிறுத்தினால் "இன்னும் ரெண்டு கண்ணு" என்பார். நாலாம் வாரம் வரை ஒன்றும் தெரியவில்லை, எட்டாம் வாரம் காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போது இருக்கும் அந்தக் குத்தல் காணாமல் போயிருந்தது.

ஓட்டம் வாய்க்கால் கரை மண் பாதையில், வாரம் மூன்று நாள், 180-லிருந்து வயதைக் கழித்து வருகிற 139 துடிப்புக்கு மேலே போகாமல். ஆரம்பத்தில் கிலோமீட்டருக்கு 8:10, மேடு வந்தால் நடை. புல்லுக்கட்டோடு மொபட்டில் போகிறவர்கள் நிறுத்தி "ஏனுங், வண்டி நின்னு போச்சுங்களா, ஏறிக்கிறீங்களா" என்று கேட்பார்கள். நாலு பேர் பார்க்கிறார்கள் என்று வேகம் கூட்டாமல் இருப்பதுதான் இந்தப் பயிற்சியிலேயே கஷ்டமான பகுதி.

ஞாயிற்றுக்கிழமை சென்னிமலை, 1320 படி. சாமிக்குத் திருமஞ்சனத் தண்ணீர் சுமக்கிற மாடு ஏறுகிற படி, 1984-ல் மாட்டு வண்டியே ஏறியதை ஊரில் இன்னும் சொல்வார்கள். முதல் ஞாயிறு ஏறும்போது சுலபமாக இருந்ததால் இறங்கும்போது துள்ளிக்கொண்டு இறங்கினேன். திங்கள் பரவாயில்லை, செவ்வாய் கம்பெனி நாற்காலியில் உட்காரவே மேஜையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. இறங்கும்போதுதான் தொடைத் தசை நீண்டுகொண்டே வேலை செய்கிறது, வலி இரண்டாம் நாள்தான் உச்சத்துக்கு வரும். அடுத்த வாரத்திலிருந்து இறங்கும்போது கைப்பிடி ஓரமாக, ஒவ்வொரு படியாக.

சைக்கிளை அதிகம் தொடவில்லை. கோவாவின் உப்புக் காற்றும் என் வியர்வையும் சேர்ந்து ஹேண்டில் போல்ட்டுகளைத் துரு ஏற்றியிருந்தன, ஒன்றின் தலை வழுக்கி, லேத் பட்டறையில் துளை போட்டு எடுக்க வேண்டியதாயிற்று. சங்கிலியை இஞ்சு டேப்பில் அளந்தேன்: புதிதாக இருக்கும்போது பின்னுக்குப் பின் சரியாக 12 இஞ்சு வரவேண்டிய இடத்தில் ஒரு நூல் கூட, அதாவது எட்டில் ஒரு பங்கு இஞ்சு. அதில் பாதி தேய்ந்தபோதே மாற்றியிருக்க வேண்டும். சங்கிலியோடு பின் கேசட்டும், அதாவது பின்சக்கரத்தின் பல்சக்கர அடுக்கும், போயிற்று. பந்தயம் முடிந்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்திருந்தால் போல்ட் செலவாவது மிச்சம்.

டிசம்பர் பாதியில் வாய்க்காலில் தண்ணீரை நிறுத்தினார்கள், கிணறு நாலு நாளைக்கு ஒரு படி என்று இறங்க ஆரம்பித்தது. சாக்கையும் சுருக்கையும் அவிழ்த்து அடுத்த படியில் மாட்டுவதே என் நாட்காட்டி ஆகிவிட்டது. பொங்கல் நோம்பி சமயத்தில் ஏழு படி இறங்கியிருந்தேன். ஜனவரியில் மறுபடி வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் கொஞ்ச நாள் நின்றது, மாசியில் மறுபடி இறக்கம். ஆழம் போகப் போக வெயில் உள்ளே வரும் நேரமும் குறைந்தது, அரசங்கன்று ஆள் உயரத்துக்கு மேலே போய்விட்டதால் சுவரில் சுண்ணாம்பால் ஒரு கோடு இழுத்துக்கொண்டேன்.

பிப்ரவரி கடைசி ஞாயிறு ஈரோட்டில் மறுபடி அளந்தேன். 400 மீட்டர் 9:02, 200 மீட்டர் 4:22, கணக்குப் போட்டால் நூறு மீட்டருக்கு 2:20. 25 மீட்டருக்கு 27 கை போட்டது 23 ஆகியிருந்தது. நீச்சல் நன்றாகத் தெரிந்தவர்களுக்கு இதெல்லாம் ஒரு வேகமே கிடையாது, எனக்குத் தெரியும். வாய்க்கால் கரை ஓட்டம் அதே 139 துடிப்பில் 7:25-க்கு வந்தது. எடை இன்னும் 76-லேயேதான் இருக்கிறது, அதற்குக் கிணற்றைக் குறை சொல்ல முடியாது, காலை நீச்சல் முடிந்ததும் மாமியார் தேங்காய்ப்பாலோடு தட்டு நிறைய வைக்கிற சந்தகைதான் காரணம்.

கண்ணை மூடி நீந்தும் சோதனையைக் கடைசியாகச் செய்தேன். ஒன்பது, பத்து, பதினைந்து என்று எண்ணிக்கொண்டே போய், பதினெட்டாவது கையில் வலதுபக்கக் கயிற்றில் இடித்தேன். வலதுபக்கம்! அகலமாகப் போடு, அகலமாகப் போடு என்று வலது கையையே மிரட்டிக்கொண்டிருந்ததில் இப்போது இடது கை கொஞ்சம் உள்ளே வர ஆரம்பித்திருக்கிறது போல. மறுபடி மேலேயிருந்து படம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

அந்தப் புதன்கிழமை மச்சான் மகனுக்கும் சேர்த்துச் சொல்லிவைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனால், படியில் சாக்கு மட்டும் இருந்தது, கயிறு இல்லை. கொட்டாயில் பத்து நாள் முன்னால் பிறந்த காங்கேயம் கன்றுக்குட்டி அதில் கட்டியிருந்தது, முன்னங்காலை ஊன்றிக் கழுத்தைத் திருப்பி இழுத்துக்கொண்டிருந்தது. மாமனார் ப்யூஸ் கட்டைக்குக் கை நீட்டிக்கொண்டே, "அது கன்னுக் கவுறுங் மாப்ளே, நாலு மாசமாத் தேடீட்டிருந்தேன்" என்றார். வேறு கயிறு வாங்கப் பெருந்துறைச் சந்தைக்குப் போக வேண்டும்.